விமானச் சிப்பந்தி வேலை: சிங்கப்பூரில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானங்களில் பல வருடம் சிப்பந்தியாக இருந்துவிட்டு இப்போது தரையில் வேறு வேலை பார்க்கிறேன். கல்யாண வீடு, கோயில், தேக்கா ஈரச்சந்தை என்று எங்கே போனாலும் பழைய வேலையைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். மகளை அனுப்பலாமா என்று கேட்கும் அம்மாக்கள், நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள், சென்னை விமானத்தில் கோபப்பட்டு இறங்கிய மாமாக்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். நான் எந்த நிறுவனத்தில் இருந்தேன் என்பது வேண்டாம். பெயர் சொல்லி எழுதியிருப்பவை எல்லாம் ஊரறிந்த செய்திகள்.

சாப்பாடு கொடுத்து, தட்டை எடுத்து, சிரிப்பதுதானே வேலை? இதற்கு ஏன் அத்தனை மாதப் பயிற்சி?

சாப்பாட்டுக்கு மட்டும்தான் நாங்கள் என்றால், மலிவுக் கட்டண நிறுவனங்கள் எங்களை என்றைக்கோ வீட்டுக்கு அனுப்பியிருக்கும். சிப்பந்தி இல்லாமல் பெரிய பயணிகள் விமானம் கிளம்பக் கூடாது என்பது சட்டம். பெரும்பாலான நாடுகளில் 50 இருக்கைக்கு ஒருவர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. புது வகை விமானத்துக்கு அனுமதி வாங்கும்போது, பாதிக் கதவுகளை மட்டும் திறந்து 90 விநாடிக்குள் எல்லாரையும் வெளியேற்ற முடியும் என்று தயாரிப்பாளர் காட்ட வேண்டும். அந்த 90 விநாடிக்குத்தான் நாங்கள். மீதி நேரத்தில் காப்பி ஊற்றுகிறோம்.

2024 ஜனவரி 2ஆம் தேதி தோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும்போது இன்னொரு விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே 379 பேர். எட்டுக் கதவில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது, அறிவிப்புக் கருவியும் வேலை செய்யவில்லை. சிப்பந்திகள் கத்தியும் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தும் எல்லாரையும் உயிரோடு இறக்கினார்கள். எந்தக் கதவைத் திறக்கலாம், எதைத் திறந்தால் தீ உள்ளே வரும் என்று ஜன்னல் வழியே பார்த்து அவர்கள்தான் முடிவு செய்தார்கள்.

ஆனால் என் மனத்தில் அதிகம் நிற்பது நம் சாங்கி விமான நிலையத்தில் நடந்தது. 2016 ஜூன் 27, மிலான் நோக்கிப் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் இயந்திரக் கோளாற்றால் திரும்பி வந்து இறங்கியதும் வலது இறக்கையில் தீ. உள்ளே 241 பேர். தீயணைப்பாளர்கள் அணைத்து முடிக்கும்வரை பயணிகளை உள்ளேயே வைத்திருப்பது என்று விமானி முடிவெடுத்தார். ஒருவருக்கும் காயமில்லை. வெளியே தீ எரிவது கண்ணுக்குத் தெரியும்போது ‘உட்காருங்கள்’ என்று சொல்லி அத்தனை பேரை உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஓடச் சொல்வது சுலபம்.

அப்படியானால் பயிற்சியில் சேவைக்கு இடமே இல்லையா?

நிறைய இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்சில் புதியவர்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல் பயிற்சி, மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டால் நீளமானது. கதவு திறப்பது, சறுக்குப் பாதையில் குதிப்பது, நீச்சல் குளத்தில் உயிர்காப்புப் படகில் ஏறுவது, தீயணைப்பது, இதய இயக்க மீட்பு, வானில் பிரசவம் நேர்ந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம். தள்ளுவண்டியை இடிக்காமல் ஓட்டுவது, ஒயின் வகைகள், தலைமுடி, ஒப்பனை, நகப்பூச்சு என்று இன்னொரு பக்கம். பாதுகாப்புப் பகுதியில் தேறாவிட்டால் சீருடை கிடையாது. அதோடு முடிவதுமில்லை, ஒவ்வொரு வருடமும் மறுபடி தேர்வு எழுதி, கதவைத் திறந்து காட்ட வேண்டும்.

வரலாறும் அப்படித்தான். 1930இல் அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த எலன் சர்ச் ஒரு தாதி.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெண் சிப்பந்திகள் அணியும் கெபாயாவின் நிறம் ஏன் ஒவ்வொருவருக்கும் வேறு?

பதவி. நீலம் ஆரம்ப நிலை, பச்சை அடுத்த படி, சிவப்பு அதற்கும் மேல், ஊதா அணிந்திருப்பவர் அந்தக் கேபினுக்கே மேலாளர். சாரோங் கெபாயா உடையை 1968இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியேர் பால்மான் உருவாக்கினார். அப்போது அந்த விமான நிறுவனத்தை மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்தின. 1972இல் பிரிந்த பிறகு அந்த உடையோடு ‘சிங்கப்பூர்ப் பெண்’ விளம்பரமும் உலகம் சுற்றியது. 1993இல் லண்டன் மேடம் துசாட்ஸில் மெழுகுச் சிலையே வைத்தார்கள்.

அந்த விளம்பரம் சிங்கப்பூருக்குப் பெயர் வாங்கித் தந்தது உண்மை. அதே விளம்பரம்தான், நாங்கள் எப்போதும் மென்மையாகத் தலைசாய்த்து நிற்போம் என்ற எண்ணத்தையும் சில பயணிகள் மண்டையில் ஏற்றியது. அதன் விலையைக் கொடுப்பது கெபாயா போட்டிருப்பவள். ஆண் சிப்பந்திகளும் அதே வேலையை அதே அளவு செய்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் கேட்பதுகூட இல்லை.

சேர என்ன வேண்டும்?

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெண்களுக்கு 1.58 மீட்டர், ஆண்களுக்கு 1.65 மீட்டர் உயரம் கேட்டுவந்திருக்கிறது. தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டையும் அதிலிருக்கும் அவசரக் கருவிகளையும் எட்ட வேண்டுமே, அதற்காக. பையன்கள் தேசிய சேவையை முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வேண்டும்.

தமிழ் தெரிவது உதவுமா என்று கேட்கிறார்கள். வேலை கிடைக்க எவ்வளவு உதவும் என்று சொல்ல முடியாது. வேலைக்குள் போனபின் ரொம்ப உதவும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு வேலை நாள் எப்படி இருக்கும்?

‘நாள்’ என்று ஒன்று கிடையாது. மாதத்துக்கு ஒரு ரோஸ்டர் (பணி அட்டவணை) வரும், அதைப் பார்த்துத்தான் கல்யாணம், காதுகுத்து, பல் மருத்துவர் எல்லாம். ஸ்டான்ட்பை என்றால் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். அழைத்தால் மணிலாவோ மான்செஸ்டரோ, போக வேண்டியதுதான்.

பறப்பதற்கு முன் எல்லாரும் கூடி ப்ரீஃபிங். அன்றைக்கு முதல்முறை சந்திக்கும் முகங்கள்தான் அதிகம். மேலாளர் ஒவ்வொருவரிடமும் பாதுகாப்புக் கேள்வி கேட்பார். விமானத்துக்குள் போனதும் அவரவர் பகுதியிலுள்ள தீயணைப்பான், பிராணவாயுக் குப்பி, கதவின் அழுத்தமானி எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். அப்புறம்தான் பயணிகள் ஏறுவார்கள்.

வாசலில் நின்று வணக்கம் சொல்வதை வெறும் மரியாதை என்று நினைக்காதீர்கள். அந்த மூன்று விநாடியில் உங்களை எடை போடுகிறோம். குடித்திருக்கிறாரா? மூச்சு வாங்குகிறதா? ஆபத்தென்றால் கதவருகே உதவக்கூடிய திடகாத்திரமான ஆள் யார்? கைக்குழந்தையோடு தனியாக வருவது யார்? பயந்திருப்பது யார்? சிரித்துக்கொண்டே இதெல்லாம் நடக்கும்.

ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது சிப்பந்தி உங்களுக்கு எதிரே கையை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு எங்கோ வெறித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் மனத்துக்குள், தீப்பிடித்தால் எந்தக் கதவு, என்ன கட்டளை, பக்கத்தில் யாருக்கு உதவி வேண்டும் என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் செய்வது. அந்த நேரத்தில் ‘தண்ணீர் கிடைக்குமா’ என்று கேட்டால் முகம் கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

நியூயார்க் போன்ற நீண்ட பயணம்தான் ரொம்பக் கஷ்டமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சிங்கப்பூர் – நியூயார்க் நேரடிப் பயணம் 18 மணி நேரத்துக்கு மேல், தூரம் 15,000 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அதில் கூடுதல் ஆட்கள் உண்டு, முறை வைத்துப் படுக்கப் படுக்கை உண்டு, போய் இறங்கியபின் ஓய்வு நாள் உண்டு.

என்னைக் கேட்டால் நாலு மணி நேரப் பயணம்தான் இடுப்பை ஒடிப்பது. சென்னைக்குப் போய் அங்கே கீழே இறங்காமலே சுத்தம் செய்து, புதுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சாங்கிக்குத் திரும்பும் பயணங்கள் உண்டு. மேலெழும்பவும் கீழிறங்கவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் கையில் இருப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் குடிபானம், சாப்பாடு, தட்டெடுப்பு, காப்பி, விற்பனை. நடுவில் இருக்கைவார் விளக்கு எரிந்தால் எல்லாம் நிற்கும்.

விளக்கு எரிந்ததும் சூடான காப்பி தரமாட்டேன் என்கிறார்களே, லேசாகத்தானே ஆடுகிறது?

2024 மே 21ஆம் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ321 மியன்மார் வான்வெளியில் கடும் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. காலை உணவு கொடுத்துக்கொண்டிருந்த நேரம். 5 விநாடிக்கும் குறைவான நேரத்தில் விமானம் 178 அடி கீழே போனது. வாரணியாதவர்கள் கூரையில் மோதினார்கள். 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், பலருக்கு முதுகெலும்பில் அடி. விமானம் பேங்காக்கில் இறங்கியது. அதற்குப் பிறகு, வார் விளக்கு எரியும்போது சூடான பானம் மட்டுமல்ல, சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்த வேண்டும் என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விதியை இறுக்கியது. சிப்பந்திகளும் உட்கார்ந்து வார் போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே அவர் சோம்பேறித்தனத்தால் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்தச் சிரிப்பு உண்மையா, நடிப்பா?

இரண்டும். காலை மூன்று மணிக்கு யாருக்கும் இயல்பாகச் சிரிப்பு வராது. முதல் சிரிப்பு பயிற்சியில் வந்தது. அதற்கு நீங்கள் என்ன பதில் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்தது உண்மையாகும்.

நல்ல சேவை மனப்பான்மை என்றால் பணிந்து போவது என்று பலர் நினைக்கிறார்கள், புதிதாகச் சேரும் பிள்ளைகளும்கூட. என் அனுபவத்தில் அது கவனம். முதியவர் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கத் தெரியாமல் அப்படியே வைத்திருப்பதைப் பார்ப்பது, பார்த்ததும் ‘பிரித்துத் தரட்டுமா’ என்று சத்தமாகக் கேட்டு அவரைக் கூசவைக்காமல் தட்டை வைக்கும்போதே மூடியைத் தளர்த்திவிட்டுப் போவது. இருக்கையில் இருப்பவரின் கண் மட்டத்துக்குக் குனிந்து பேசுவது. ‘இல்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், கோழி தீர்ந்துவிட்டது, மீன் இருக்கிறது, வேண்டாமென்றால் கொஞ்ச நேரத்தில் நூடல்ஸ் கிடைக்குமா பார்க்கிறேன் என்று வழி சொல்வது. இவற்றில் எதற்கும் முதுகு வளைய வேண்டியதில்லை.

பணிவை மட்டும் பழகிய சிப்பந்தி ஆபத்தில் உதவ மாட்டார் என்பதும் என் கருத்து. ‘பையை விடு, குதி’ என்று வணிகப் பிரிவுப் பயணியைப் பார்த்துக் கத்தத் தெரிய வேண்டும். காலையில் அவருக்கு ஆரஞ்சுச் சாறு கொடுத்த அதே வாயால்.

சேவை என்பது பணிவல்ல, கவனம்தான் என்பது கோவிட் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. 2020இல் விமானங்கள் நின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் ஏறத்தாழ 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. வேலையில் இருந்த சிப்பந்திகள் பலர் மருத்துவமனைகளில் பராமரிப்புத் தூதர்களாகவும், பேரங்காடிகளில் பாதுகாப்பு இடைவெளித் தூதர்களாகவும் போனார்கள். கூ டெக் புவாட் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சாப்பாடு கொடுத்து, பேச்சுத் துணையாக இருந்தார்கள். பதற்றத்தில் இருப்பவரை எப்படி அமர்த்துவது என்று அவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சென்னை, திருச்சி விமானங்களில் மட்டும் உபசரிப்பு ஏன் ஒரு மாதிரி இருக்கிறது? நம்மைத் தாழ்வாகப் பார்க்கிறார்களா?

என்னிடம் கோபமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: சிலர் பார்க்கிறார்கள். ‘அந்தப் பாதையா, ஐயோ’ என்று ரோஸ்டர் வந்ததும் முனகும் சக ஊழியர்களோடு நானே பறந்திருக்கிறேன். அவர்களில் நம்மவர்களும் உண்டு, அதுதான் இன்னும் வருத்தம். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பியிடம் ஒரு குரலும், முன் வரிசையில் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பவரிடம் இன்னொரு குரலும் பேசுகிறவருக்கு இந்த வேலை பொருந்தாது. அதற்குச் சாக்கு கிடையாது.

அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால் வேறு காரணங்களும் இருக்கின்றன. நான் சொன்ன நேர நெருக்கடி முதலாவது. விமானம் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். சிறப்புச் சாப்பாட்டுப் பட்டியல் நீளம், ஒவ்வொன்றையும் இருக்கை எண் பார்த்து முதலில் கொடுக்க வேண்டும். சக்கர நாற்காலி கேட்ட அம்மாக்கள் பல பேர். மேல் தட்டில் வைக்க முடியாத எடையில் கைப்பெட்டிகள். எங்கள் முதுகு போவதே அங்கேதான். பாதிப் பேர் அடிக்கடி பறப்பவர்கள், மீதிப் பேருக்கு இது முதல் பயணம், கழிப்பறைக் கதவு எப்படித் திறக்கும் என்பதுகூடப் புதிது. சிப்பந்திக்கு மொழி தெரியாது. கேட்டது புரியாமல் ஒருவர் குரலை உயர்த்துவார், மற்றவர் முகத்தை இறுக்குவார். இரண்டு பக்கமும் அவமானப்பட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கும்.

இங்கேதான் தமிழ் தெரிந்த சிப்பந்தி ஒருவர் இருந்தால் கேபினே மாறிவிடும். ‘அண்ணே, பெல்ட்டைப் போட்டுக்கிட்டீங்களா?’ என்று ஒரு வார்த்தை போதும். தனியாகப் பறந்து வரும் பாட்டி, ‘என் பேத்தி மாதிரி இருக்கே’ என்று கையைப் பிடித்துக்கொள்வார், பிறகு பயணம் முழுக்க அவர் பொத்தானை அழுத்தவே மாட்டார். முன்பெல்லாம் குடிநுழைவுப் படிவத்தை நிரப்பித் தருவதும் சொல்லாத ஒரு வேலை. பேனாவோடு ஒரு வரிசையையே முடித்திருக்கிறேன். இப்போது சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில், வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பவர்கள் அதை நீங்களே செய்து, அச்செடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

மரியாதைக் குறைவாக உண்மையிலேயே நடத்தப்பட்டால் என்ன செய்வது? நடைவழியில் சண்டை வேண்டாம். மேலாளரைக் கேளுங்கள். இறங்கியபின் விமான எண், தேதி, இருக்கை எண், நடந்தது என்ன என்று நிறுவனத்துக்கு எழுதுங்கள். ‘உங்கள் சேவையே மோசம்’ என்று எழுதினால் மன்னிப்பு மடல் வரும். ‘சாப்பாடு கேட்டபோது பதில் சொல்லாமல் நகர்ந்தார்’ என்று எழுதினால் விசாரணை வரும்.

சைவம் என்று சொன்னாலும் ஏன் கிடைப்பதில்லை?

சைவம் என்பதை விமானத்தில் சொல்லக் கூடாது, முன்பதிவில் சொல்ல வேண்டும். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், சில சாப்பாட்டுக்கு அதற்கும் முன்னால். சாப்பாடு தரையில் சமைத்து, எண்ணி ஏற்றப்படுவது. மேலே நாங்கள் சூடு மட்டும்தான் பண்ணுகிறோம்.

பட்டியலில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘இந்து உணவு’ என்று போட்டிருப்பது அசைவம். மாட்டிறைச்சி இருக்காது, ஆனால் கோழியோ ஆடோ மீனோ வரும். சைவம் வேண்டுமென்றால் ‘இந்தியச் சைவ உணவு’. வெங்காயம், பூண்டு கூடாதென்றால் ‘ஜைன உணவு’. ‘இந்து’ என்று பார்த்ததும் அதைத் தட்டிவிட்டு, மேலே கோழியைக் கண்டு கண் கலங்கிய மாமிகளை எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

சுவை குறைவாக இருப்பதற்குச் சமையல்காரரை மட்டும் திட்டாதீர்கள். கேபினில் காற்று பாலைவனம் போல வறண்டது, அழுத்தமும் குறைவு. நாக்குக்கும் மூக்குக்கும் உப்பும் இனிப்பும் சரியாகத் தெரியாது. தண்ணீரும் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், அதனால் தேநீர் இறங்காது.

மாட்டிறைச்சி, மது எல்லாம் பரிமாற வேண்டுமாமே?

ஆமாம். உங்களைச் சாப்பிடச் சொல்ல மாட்டார்கள், பரிமாறத்தான் வேண்டும். முஸ்லிம் சிப்பந்திகளும் செய்கிறார்கள். இது முடியாதென்றால் வேறு வேலை பார்ப்பது நல்லது. இதில் தப்பும் இல்லை, வெட்கமும் இல்லை.

சம்பளம் நன்றாக இருக்குமா?

அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதிதான். பறக்கும் நேரத்துக்கும் போகும் ஊருக்கும் ஏற்றபடி வரும் படிகள்தான் கையை நிரப்பும். பறக்காத மாதம், உடம்பு சரியில்லாத மாதம், வருமானம் சட்டென்று இறங்கும். லாபம் வந்த வருடத்தில் ஊக்கத்தொகை பெரிதாக இருக்கும். 2024இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஊழியர்களுக்கு ஏறத்தாழ 8 மாதச் சம்பளம் கிடைத்தது என்று செய்தி வந்ததும் என்னிடம் விசாரித்தவர்கள் எண்ணிக்கை எகிறியது. 2020இல் ஒருவரும் விசாரிக்கவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் கணக்குப் போடும்போது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் போடுங்கள்.

பயணிகள் அத்துமீறினால்?

முதலில் பேச்சு, அடுத்தது மதுவை நிறுத்துவது, பிறகு விமானியின் எச்சரிக்கை. அடங்காவிட்டால் கட்டிப் போடவும் அனுமதி உண்டு, அதற்கான கருவியும் பயிற்சியும் இருக்கின்றன. வானில் நடந்தாலும் சட்டம் தொடரும். சிங்கப்பூரில் பதிவான விமானத்தில் நடந்த குற்றத்தை இங்கே விசாரிக்கலாம். சாங்கியில் விமானக் கதவு திறக்கும்போது விமான நிலையப் போலீஸ் நிற்கும்.

தொடுவது ‘தெரியாமல் பட்டது’ அல்ல என்பது தொடப்பட்டவளுக்குத் தெரியும். மானபங்கத்துக்குச் சிங்கப்பூரில் மூன்றாண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி. சிப்பந்திகளிடம் கைநீட்டிய பயணிகள் பலர் இங்கே நீதிமன்றம் ஏறி உள்ளே போயிருக்கிறார்கள். நான் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் ‘கண்டுகொள்ளாதே, நகர்ந்துவிடு’ என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதைய பிள்ளைகள் உடனே சொல்கிறார்கள், நல்லதுதான். கேட்காமல் கைப்பேசியில் எங்களைப் படமெடுப்பதையும் விட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா? கல்யாணம், குழந்தை என்றால்?

முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து வருடம் போல இருக்கும். கல்யாணத்துக்குத் தடையில்லை. குழந்தை விஷயத்தில்தான் பழைய விதி கொடுமையாக இருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்சில் கர்ப்பமான சிப்பந்திகள் வேலையை விட வேண்டியிருந்தது, பிறகு வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கலாம். 2022 ஜூலையிலிருந்து அது மாறி, கர்ப்ப காலத்தில் தற்காலிகமாகத் தரைப்பணி செய்யலாம், பேறுகாலத்துக்குப் பின் பறக்கத் திரும்பலாம் என்றானது. அரை நூற்றாண்டு தாமதம் என்பேன்.

சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி என்றால், அவர்கள் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். ‘ராத்திரி எல்லாம் வெளியே தங்குகிற வேலை’ என்பார்கள். இரவுப் பணி பார்க்கும் தாதியைப் பற்றி இப்படிப் பேச மாட்டார்கள். நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு: தீபாவளியன்று வீட்டில் இல்லாமல் போவது, அப்பா மருத்துவமனையில் இருக்கும்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் இருப்பது, குழந்தை பிறந்தால் யார் பார்த்துக்கொள்வது. மாமியாரோ அம்மாவோ தெம்பனிஸிலோ பிடோக்கிலோ பக்கத்தில் இருந்தால் பாதி பிரச்சினை தீரும்.

உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெடும், இடுப்பு வலிக்கும், கால் நரம்பு புடைக்கும். சாதாரணச் சளி பிடித்தால்கூடப் பறக்கக் கூடாது, இறங்கும்போது காது போய்விடும்.

நல்ல பயணியாக இருக்க நாங்கள் என்ன செய்யலாம்?

கேட்டதற்கே நன்றி. தள்ளுவண்டி பக்கத்தில் வந்ததும் காதிலிருப்பதை எடுங்கள். ‘என்ன சாப்பிடுகிறீர்கள்’ என்று ஒரே ஆளிடம் மூன்று தடவை கேட்பதில்தான் பாதி நேரம் போகிறது. விளக்கு அணைந்தாலும் வாரைத் தளர்வாகப் போட்டே இருங்கள். கைப்பெட்டியை நீங்களே தூக்கி வைக்க முடியாதென்றால் அது சரக்கில் போக வேண்டிய பெட்டி. மின்சேமிப்புக் கருவியை (பவர் பேங்க்) தலைக்கு மேல் தட்டில் போடாமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட் இரண்டிலும் அதைக் கொண்டு கைப்பேசிக்கு மின்னேற்றவும் கூடாது, அதற்கு மின்னேற்றவும் கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் அணைப்பது எவ்வளவு பாடு என்று பயிற்சியில் பார்த்தவர்கள் இதில் வாதாட மாட்டார்கள். கழிப்பறைக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள், தரையில் இருப்பது தண்ணீர் மட்டும் இல்லை.

டிப்ஸ் கொடுக்கலாமா?

வேண்டாம், வாங்க மாட்டார்கள். யாராவது நன்றாகப் பார்த்துக்கொண்டால் சட்டையிலிருக்கும் பெயரையும் விமான எண்ணையும் குறித்துக்கொண்டு நிறுவனத்துக்கு நாலு வரி எழுதுங்கள். அது அவர்களுடைய கோப்பில் சேரும், பதவி உயர்வின்போது எடுத்துப் பார்ப்பார்கள். தமிழில் எழுதலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். எழுதலாம், ஆனால் பிள்ளைகளிடம் கொடுத்து ஆங்கிலத்திலும் இரண்டு வரி சேர்த்து அனுப்பினால் சீக்கிரம் போய்ச் சேரும்.